கொல்லிமலையில் ஒரு பலாமரத்துப் பள்ளிக்கூடம்

போன மே மாதம் நாமக்கல்லுக்கு ஒரு பிரயாணம் போனோம். ஆஞ்சநேயர் தரிசனம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையான காரியம் வேறே. எங்கள் பெரியவனுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. "இவனை உன் முந்தானையிலேயே முடிஞ்சு வெச்சுக்கிட்டிருந்தா உருப்பட மாட்டான். ஹாஸ்டல்லே போடறதுதான் சரி" என்று இவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போனது என்று உங்களுக்குத் தெரியாததா! ஒன்றைப் பார்த்துவிட்டு, மறுநாள் குழந்தைகளுக்குக் கொல்லிமலையையும் காட்டிவிட்டு வரலாம் என்று ஏற்பாடு.

கிளம்புவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் சாவி கொடுக்கப் போனேன். ரிடையரானவர். வேலூரில் ரொம்ப வருஷம் இருந்தவர்.

"கொல்லிமலைக்கா போறீங்க? நூறு வருஷத்துக்கு முன்னாலே அந்த மலை மேலே ஒரு வெள்ளைக்கார அம்மா, ஸ்கூலே இல்லாம தன் பிள்ளைங்களை வீட்டிலேயே படிக்க வெச்சாங்க. தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டவர், இரண்டு புத்தகங்களை என் கையில் திணித்தார்.

பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தவள்தான். நாமக்கல் வந்தது கூடத் தெரியவில்லை.

ஒரு கேள்வி

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான கட்டடம். வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு தகரப் பெட்டி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாமாம். இவருக்குத் திருப்தி. விண்ணப்பத் தாளை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அம்மா, ராத்திரி தண்ணி தாகம் எடுத்தா இங்கே யாரை எழுப்பணும்?"

நான் பதில் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

எழுபது வளைவுகள்

மறுநாள் காலை பஸ் ஏறினோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். முப்பத்தி எட்டாவது வளைவில் சின்னவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் மடியில் சாய்ந்தாள். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! போகிறவர்கள் குழந்தைகளுக்கு வயிறு முட்ட டிபன் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். எலுமிச்சம் பழமும் ஒரு பழைய துண்டும் கைவசம் இருக்கட்டும்.

மேலே போனால் காற்றே வேறாக இருக்கிறது. வழியெல்லாம் மிளகுக் கொடி, பலா, வாழை, அன்னாசித் தோட்டம். கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அறப்பளீஸ்வரர் கோயிலில் தரிசனம் செய்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும். இவரும் பையனும் இறங்கினார்கள். முழங்கால் வலிக்காரியான நான் சின்னவளோடு மேலேயே உட்கார்ந்து, டீச்சரம்மாவின் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

மழையில் வந்த மணப்பெண்

ஈவ்லின் லண்டனில் வசதியான வியாபாரி வீட்டுப் பெண். 1879-இல் பிறந்தவர். சித்திரம் எழுதுவதில் ஆசை உள்ளவர். மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞரோடு அவருக்குப் பழக்கம். கொல்லிமலைக்குப் போய் அங்கேயே குடியிருந்து வேலை செய்வது என்று அவர் தீர்மானித்திருந்தார். "கொல்லி என்றாலே ஆளைக் கொல்லும் மலை" என்று சமவெளிக்காரர்கள் பயந்த காலம் அது. அவ்வளவு மலேரியா!

1913-இல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாண உடையோடேயே, கொட்டுகிற மழையில் மலை ஏறினாராம் ஈவ்லின். ரோடு ஏது, வளைவு ஏது! ஒற்றையடிப் பாதைதான். நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததற்கே இந்தப் பாடு. அந்த அம்மாவுக்கு அப்போது வயது முப்பத்து நாலு.

வாழவந்தியில் வீடு. ஜெஸ்ஸி மரப் பலகைகளைக் கீழே சமவெளியிலேயே அளந்து தயார் செய்து, தலைச்சுமையாக மேலே கொண்டுவரச் செய்து பூட்டிய வீடு. கரையான் ஏறாமல் இருக்க, தரையிலிருந்து தூக்கிக் கால்கள் மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாராம். நம் வீட்டில் எறும்பு ஏறாமல் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறோமே, அந்த மாதிரி!

அந்த வீட்டில்தான் 1914-இல் பிறந்த பாலும், அவன் தங்கை கானியும் வளர்ந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு வருஷம்

புத்தகத்தில் அங்கங்கே கிடைத்ததையெல்லாம் கோத்து, அந்த வீட்டின் ஒரு வருஷத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

ஆடி, ஆவணி. மழை. கரண்ட் இல்லை, கடை இல்லை, குழாய் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. ஆகவே அம்மாதான் வாத்தியார். பாலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு வராது. அவனுடைய இடம் பலாமரத்தின் உச்சி. ஈவ்லின் என்ன செய்தார் தெரியுமா? "இறங்கி வாடா!" என்று கத்தவில்லை. மரத்து மேலேயே இருந்து பாடத்தை எழுதி, தாளைக் கீழே போடச் சொன்னார். கீழே நின்று திருத்தினார். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. என் பையனை நாற்காலியில் உட்கார வைப்பதிலேயே என் சாயங்காலம் பாதி போய்விடுகிறது.

மழை நாளில் படிக்கட்டு வயல்களில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தவளை பிடிப்பார்கள். நாற்று மிதிபடும், வரப்பு உடையும். ஒரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர், அவர்கள் தாத்தா என்று அழைக்கிறவர், தடியோடு வந்தார். அடிக்கவில்லை. சேற்றில் ஒரு பிடி அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். இந்த ஒரு பிடி மண் வருஷா வருஷம் சோறு போடும், கலங்கிய தண்ணீரோடு கீழே ஓடிவிட்டால் மலை மேலே திரும்பி வராது என்று விளக்கினார். பால் பெரியவராகி, எழுபது வயதை ஒட்டி அதை ஒரு கட்டுரையாக எழுதினார். எழுத்துக்கு அம்மா, மண்ணுக்கு மலைக்காரத் தாத்தா. பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் எத்தனை வாத்தியார்கள் பாருங்கள்!

ஐப்பசி, கார்த்திகை. காய்ச்சல் காலம். வெப்ப நாட்டு நோய்களுக்கு வைத்தியம் செய்ய ஜெஸ்ஸி லண்டனில் பயிற்சி எடுத்திருந்தார். வாசலில் எப்போதும் நோயாளிகள். பல் பிடுங்குவது, கட்டி கீறுவது எல்லாம் வராந்தாவில்தான். 1918-இல் உலகத்தையே ஆட்டி வைத்த விஷக் காய்ச்சல் இந்த மலைக்கும் வந்தது. பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, இருவரும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுவரை இவர்களை எதிர்த்துவந்த பூசாரி, தான் சாகும் தறுவாயில் தன் பச்சைப் பெண் குழந்தையை இவர்களை நம்பி ஒப்படைத்தார். அந்தக் குழந்தை பால், கானியோடு மூன்றாவதாக அந்த வீட்டில் வளர்ந்தது.

மார்கழி, தை. குளிர். வேலைக்குக் குறைவில்லை. கிராமம் கிராமமாக ஜெஸ்ஸி குதிரை மேல் போவார். பிரசங்கம் மட்டும் செய்துவிட்டு வருகிறவர் இல்லை. தச்சு வேலை, செங்கல், ஓடு, பட்டுப் பூச்சி வளர்ப்பு என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளோடு காட்டு வழியில் நடக்கும்போது கரையான் புற்று கண்ணில் பட்டால் நின்றுவிடுவாராம். உள்ளே ராணி எங்கே, காவல்காரன் யார் என்று காட்டுவாராம். அதுதான் விஞ்ஞானப் பாடம்.

பங்குனி, சித்திரை. கிணறு வற்றும் காலம். நரம்புச் சிலந்தி நோய் தலைகாட்டும். நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். படிக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வடிகட்டாமல் குடித்தால், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாகப் புழு உடம்புக்குள் போய், ஒரு வருஷம் வளர்ந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்குக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஜெஸ்ஸி அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் எடுப்பார். கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்ப வைத்தார். இன்று அந்த நோய் நம் நாட்டில் இல்லை. 1996-க்குப் பிறகு ஒருவருக்கும் வரவில்லை என்பதால், 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வடிகட்டிக் குடிக்கச் சொன்னதும், கிணறுகளைச் சீர் செய்ததும்தான் அதை ஒழித்தன. தடுப்பூசி எதுவும் இல்லை. குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டிய பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு, தோழிகளே!

இப்படி ஒரு வருஷம். அந்த வருஷத்தில் ஒரே ஒரு தடவை குடும்பம் சமவெளிக்கு இறங்கும். சக்கரம் வைத்த வண்டியைப் பிள்ளைகள் பார்ப்பது அப்போதுதான்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் தொழுநோய் கண்ட மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஜெஸ்ஸி அவர்கள் கால் புண்ணைக் கழுவிக் கட்டினார். அப்போது நோயைப் பற்றி அவ்வளவு பயம். பிள்ளைகளைக் கிட்டே வரக் கூடாது என்று எச்சரித்தார்கள். பால் தூர நின்று பார்த்தான். சீழையும் ரத்தத்தையும் பார்த்துப் பார்த்து, டாக்டர் வேலையே வேண்டாம் என்று அவன் மனசுக்குள் முடிவு செய்துகொண்டான்.

ஒன்பது வயது

1923-இல் குடும்பம் விடுமுறைக்கு லண்டன் போனது. அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்களின் வழக்கம், பிள்ளைகளைச் சொந்த நாட்டில் படிக்க விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் திரும்புவது. பாலுக்கு ஒன்பது வயது. கானி அவனுக்கும் சின்னவள். அத்தனை வருஷம் தன் கையாலேயே எழுத்துச் சொல்லிக் கொடுத்த குழந்தைகளைப் பாட்டி வீட்டில் பெரியம்மா, சித்திமாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஈவ்லின் கணவரோடு கப்பல் ஏறினார். தனக்குள் ஏதோ ஒன்று அன்று செத்துப்போனது போல இருந்தது என்று பின்னாளில் சொன்னாராம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஒன்பது வயது! என் கைப்பையில் அந்த விண்ணப்பத் தாள்.

வெறுங்காலோடு திரிந்த பையனுக்கு லண்டனில் ஷூவும் கழுத்துப் பட்டையும். ஏற மரம் இல்லாமல் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறினானாம். கடிதம்தான் அம்மா, கடிதம்தான் அப்பா. கொல்லிமலைச் சேதியைச் சுமந்துகொண்டு அது கப்பலில் வரவேண்டும். 1929 ஜூனில் தந்தி வந்தது. கடுமையான மலேரியாக் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். வயது நாற்பத்து நாலு. தந்தி வந்து சில நாள் கழித்து, அவர் இறப்பதற்கு முன் எழுதிப் போட்டிருந்த கடிதம் மகன் கைக்கு வந்து சேர்ந்தது. இறந்த அப்பாவின் கடிதத்தைப் படிக்கிற பதினாலு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு ஈவ்லின் லண்டனுக்கு வந்தபோது, மகனுக்கு அம்மாவை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்ததாம். அவன் மனசில் இருந்த அம்மா உயரமாக, அழகாக இருந்தவர். வந்து நின்றவர் ஒடுங்கிப் போன ஒரு பெண்மணி.

சேவை பெரிதுதான். ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கை அந்தக் குழந்தைகளும் கொடுத்தார்கள். இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

பலாமரம் கொடுத்த டாக்டர்

டாக்டராக மாட்டேன் என்ற பையன் முதலில் கட்டட வேலை கற்றுக்கொண்டான். அப்புறம் டாக்டருக்குப் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறு தசைநாரை எடுத்து இணைத்து மறுபடி அசைய வைத்த டாக்டர் பால் பிராண்ட் இவர்தான். நோய் விரலைத் தின்றுவிடுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுத்தான் விரல் போகிறது என்று எடுத்துக் காட்டியவர். உட்கார்ந்து கவனிக்கிற அந்தப் பழக்கம் கரையான் புற்றருகே வந்ததோ, பலாமரத்து மேலே வந்ததோ, நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். 2003-இல் காலமானார்.

(இங்கே ஒரு வார்த்தை. குழந்தைகள் உடம்பில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் ஏதாவது தெரிந்தால் ஒளிக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருஷத்தில் குணமாகிற நோய் இது.)

ஈவ்லின் அம்மா? விதவையான பிறகும் மலைக்கே திரும்பினார். எழுபதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் வேலையை விட்டாரே தவிர மலையை விடவில்லை. கல்வராயன், பச்சைமலை என்று குதிரை மேலேயே போய் வைத்தியம் பார்த்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பரில், தொண்ணூற்று ஐந்து வயதில் காலமானார். இந்த மலையிலேயே, கணவர் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

செம்மேட்டில்

திரும்பும் வழியில் செம்மேட்டில் அன்னாசிப் பழம் வாங்கினேன். விற்ற அம்மா சின்னவளைப் பார்த்து, "கண்ணு எந்த ஸ்கூலு?" என்று கேட்டார். அப்படியே பேச்சு வளர்ந்தது.

"நம்ம பேரனும் கீழ ஹாஸ்டல்லதான் படிக்கிறானுங்க. அவன் நல்லாத்தான் இருக்கான். எனக்குத்தான் சோறு எறங்கறதில்லீங்க" என்றார். அப்புறம் அவரே சிரித்தார். "படிக்கட்டும். இங்க மேல என்ன இருக்குது?"

அவருக்கு வேறு வழி இல்லை. ஈவ்லினுக்கும், அந்தக் காலத்து வழக்கப்படி, வேறு வழி தெரியவில்லை. எனக்கு? வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. ஹாஸ்டலில் விடுகிற தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. வேலை, மாற்றல், ஊரில் பள்ளியின்மை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். எனக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி லாட்ஜில் குழந்தைகள் தூங்கிய பிறகு, "என்னங்க, இன்னும் ரெண்டு வருஷம் இவன் நம்மகிட்டேயே இருக்கட்டும். தினம் ஒரு மணி நேரம் நான் சொல்லித் தரேன்" என்றேன்.

"நீயா? நேத்துக்கூட அவனோடே மல்லுக்கட்டினியே!"

"நாற்காலியிலே உட்காரச் சொன்னாத்தானே மல்லுக்கட்டு."

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நேத்து அவன் தண்ணி கேட்டானே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விளக்கை அணைத்தார்.

எங்கள் வீட்டில் பலாமரம் இல்லை. மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். தொட்டி மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறான். கீழே கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே நான் கேட்கிறேன். ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தகராறு இருக்கிறது. விண்ணப்பத் தாள் பீரோவில் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து எடுக்க வேண்டி வந்தால் எடுப்பேன். அதற்குள் என்னிடமிருந்து அவன் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

டீச்சரம்மாவுக்குப் புத்தகத்தையும் ஒரு கொல்லிமலை அன்னாசிப் பழத்தையும் கொடுத்தேன். "ஹாஸ்டல் என்ன ஆச்சு?" என்றார்.

"பலாமரம் ஆச்சு" என்றேன். புரிந்துகொண்டு சிரித்தார்.